பிள்ளையின் குரல், பெற்றோரின் மதிப்பெண்

குழந்தைகளின் குரல் கோளாறு பற்றிய கருத்தரங்கு எதற்குப் போனாலும் இப்போதெல்லாம் ஒரு வகைக் கட்டுரை தவறாமல் இருக்கிறது. அமெரிக்காவில் உருவான வினாப்படிவம் ஒன்றை இன்னொரு மொழிக்குக் கொண்டுவந்திருப்பார்கள். குரல் கெட்ட பிள்ளைகளின் பெற்றோரிடமும், குரல் நன்றாக இருக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடமும் அதை நிரப்பி வாங்கியிருப்பார்கள். இரண்டு குழுக்களின் மதிப்பெண்ணுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும். கேள்விகள் ஒன்றோடொன்று இயைவதைக் காட்டும் க்ரான்பாக் ஆல்ஃபா உயர்ந்திருக்கும். சில நாள் கழித்து அதே பெற்றோரிடம் கேட்டபோதும் பதில் பெரிதாக மாறியிருக்காது. குழந்தையின் வாழ்க்கைத் தரத்தை அளக்க நம்பகமான கருவி கிடைத்துவிட்டது என்று கட்டுரை முடியும். இத்தாலியம், அரபு, கொரியம், துருக்கியம் எனப் போன இந்த வரிசையில் 2015-ல் மலையாளமும் சேர்ந்தது. முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களுக்கு இது ஓராண்டுக்குள் முடிகிற, தேர்வாளர் யாரும் குறை சொல்லாத வேலை. அதனால் இந்த வரிசை இன்னும் நீளும்.

இந்தப் படிவங்களைப் பற்றி ஐயம் எழுப்பினால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: பெற்றவர்களைவிடப் பிள்ளையை அறிந்தவர் யார்? குரல் சிகிச்சையில் இருக்கும் காலமெல்லாம் இந்தப் பதிலைக் கேட்டுவருகிறேன். ஒருநாளும் அது எனக்கு நியாயமாகப் படவில்லை. பிள்ளையிடம் கேட்க வேண்டியதைப் பெற்றோரிடம் கேட்டுவிட்டு, வந்த விடைக்குப் பிள்ளையின் வாழ்க்கைத் தரம் என்று பெயரிடுவது அளவீட்டுப் பிழை. அந்தப் பிழையின் மேல்தான் இந்தத் துறையின் பெரும்பகுதி கட்டப்பட்டிருக்கிறது.

இந்தப் படிவங்களால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கரகரத்த குரல் என்றால் "சத்தம் போட்டு விளையாடியிருப்பான், தானாகச் சரியாகிவிடும்" என்று அனுப்பிவைக்கும் வழக்கம் மருத்துவர்களிடமே இருந்தது. குரல் கெட்டால் படிப்பும் நட்பும் பாதிக்கப்படலாம் என்று அவர்களை யோசிக்க வைத்தவை இந்தப் படிவங்கள்தாம். சார்லஸ் ஹார்ட்னிக் 2002-ல் நான்கே கேள்விகளில் ஒரு படிவத்தைக் கொடுத்தார். 2006-ல் போஸ்லியும் ஹார்ட்னிக்கும் கூட்டாளிகளும் பத்துக் கேள்விகள் கொண்ட பி.வி.ஆர்.கியூ.ஓ.எல். படிவத்தைக் கொண்டுவந்தார்கள். 2007-ல் கேரன் ஸூர் குழுவினரின் இருபத்து மூன்று கேள்விப் படிவமான பி.வி.எச்.ஐ. வந்தது. சில நிமிடங்களில் நிரப்பலாம், செலவில்லை, கருவிகள் வேண்டாம். மூன்று வயதுக் குழந்தையிடம் நீண்ட நேர்காணல் நடத்த முடியாது என்பதும் உண்மை. இந்த நன்மைகளை ஒப்புக்கொண்ட பிறகுதான் குறை எவ்வளவு பெரியது என்பது தெரிகிறது.

இவற்றில் கடைசி இரண்டு படிவங்களும் பெரியவர்களுக்காக எழுதப்பட்ட மூலங்களிலிருந்து வந்தவை. ஜேக்கப்சன் குழுவினர் 1997-ல் வெளியிட்ட முப்பது கேள்விப் படிவம் பி.வி.எச்.ஐ.யின் தாய். ஹோகிகியனும் சேதுராமனும் 1999-ல் வெளியிட்ட பத்துக் கேள்விகள் பி.வி.ஆர்.கியூ.ஓ.எல்.-க்குத் தாய். இரண்டு மூலங்களிலும் பதில் சொல்பவர் குரல் கெட்டவரே. "என் குரலால் எனக்கு" என்று தொடங்கும் கேள்வியைக் குழந்தைக்கு மாற்றும்போது "என் குழந்தையின் குரலால் அவனுக்கு" என்று திருத்தினார்கள். சில கேள்விகளைக் கழித்தார்கள், சில சொற்களை மாற்றினார்கள். பதில் சொல்கிறவர் மாறியதும் அளக்கப்படும் பொருளே மாறிவிட்டது என்பதைப் பொருட்படுத்தவில்லை. உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரத்தை வரையறுக்கும்போது, ஒருவர் தன் வாழ்க்கையைத் தானே எப்படி உணர்கிறார் என்பதைத்தான் மையத்தில் வைக்கிறது. அந்த மையத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வேறு ஏதோ ஓர் எண்.

பி.வி.எச்.ஐ.யின் இருபத்து மூன்று கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். செயல்பாட்டுக்கு ஏழு, உடல் சார்ந்தவை ஒன்பது, உணர்வு சார்ந்தவை ஏழு. ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் நான்கு வரை மதிப்பெண், மொத்தம் 92. உடல் சார்ந்த ஒன்பதில் குரல் வறண்டு கரகரப்பாக இருக்கிறதா, மாலையில் மோசமாகிறதா, பேசும்போது மூச்சு வாங்குகிறதா என்பவையெல்லாம் வருகின்றன. இவை நோயின் அறிகுறிகள். ஒரு பிள்ளையின் குரல் நாள் முழுக்கக் கரகரத்துக்கொண்டே இருக்கலாம்; அதனால் அவள் வாழ்க்கையில் எதுவும் குறையாமலும் இருக்கலாம். ஆனால் மதிப்பெண் ஏறிவிடும்.

உணர்வுப் பகுதியில் நிலைமை இன்னும் மோசம். அங்குள்ள ஏழில் ஒரு கேள்வி, பிள்ளையின் குரலைக் கேட்டுப் பிறர் எரிச்சலடைவது போலத் தெரிகிறதா என்பது. இது பிறருடைய உணர்வு. இன்னொன்று, பிள்ளையின் குரல் பிரச்சினையைப் பிறர் புரிந்துகொள்வதில்லை என்று பதில் சொல்பவருக்குத் தோன்றுகிறதா என்பது. இது தாயின் மனக்குறை, தாயின் தனிமை. சொந்தக்காரர்கள் கூடும் இடத்தில் "என்ன இவளுக்குத் தொண்டை கட்டியே இருக்கு, டாக்டர்கிட்ட காட்டலியா?" என்று கேட்டுக் கேட்டு நொந்துபோன ஒரு தாய் இந்தக் கேள்விக்கு நான்கு போடுவார். போட அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அந்த நான்கு பிள்ளையின் உணர்வுக் கணக்கில் சேர்கிறது. மீதியுள்ள ஐந்தும் பதற்றம், விரக்தி, வெட்கம், எரிச்சல், கலகலப்புக் குறைவு பற்றியவை. அவையும் பெற்றோர் வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வேண்டியவைதாம். சாப்பிட்டவரை எழுப்பி அனுப்பிவிட்டுப் பரிமாறியவரிடம் ருசி எப்படி என்று கேட்கிறோம்.

இப்போது அந்தச் சரிபார்ப்புக் கட்டுரைகள் எதை நிரூபிக்கின்றன என்று பாருங்கள். குரல் கெட்ட குழு, குரல் நன்றாக இருக்கும் குழு, இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம். கேள்விகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குரல் எப்படி ஒலிக்கிறது, பேசுவது எவ்வளவு கடினமாயிருக்கிறது என்று கேட்டிருக்கும்போது வித்தியாசம் வராமல் எப்படி இருக்கும்? தம் பிள்ளையின் தொண்டை கரகரக்கிறது என்பது பெற்றோரின் காதில் விழுகிறது என்றுதான் இதனால் தெரிகிறது. அடுத்து, மதிப்பெண் ஜி.ஆர்.பி.ஏ.எஸ். அளவீட்டோடு ஒத்துப்போனால் அதையும் வெற்றியாக எழுதுகிறார்கள். சிகிச்சையாளர் காதால் கேட்டுப் போடும் கடுமை மதிப்பும் பெற்றோர் போடும் வாழ்க்கைத் தர மதிப்பும் ஒன்றாகவே ஏறி இறங்குமானால், இரண்டாவது அளவீடு எதற்கு? லேசான கரகரப்பால் நொறுங்கிப்போகும் பிள்ளையும், குரலே எழும்பாமல் உற்சாகமாய் ஊரைச் சுற்றும் பிள்ளையும் இருப்பதால்தான் வாழ்க்கைத் தரத்தைத் தனியாக அளக்க வேண்டியிருக்கிறது. மறுபடி கேட்டபோது பதில் மாறவில்லை என்ற நம்பகத்தன்மையும் அப்படித்தான். பெற்றோரின் கவலை நிலையானது என்பதற்கு அது சான்று. பிள்ளையைப் பற்றி அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

பெற்றோரின் பதில் எந்த இடத்தில் நம்பத்தக்கது, எந்த இடத்தில் அல்ல என்பது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமும் அல்ல. கிறிஸ்டின் ஐசரும் ரேச்சல் மோர்ஸும் 2001-லேயே பல நோய்களுக்கான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஓடுவது, சாப்பிடுவது, தூங்குவது போலக் கண்ணால் காணக்கூடியவற்றில் பெற்றோர் பதிலும் பிள்ளை பதிலும் ஓரளவு ஒத்துப்போகின்றன. மனநிலை, நட்பு, உறவு என்று வரும்போது ஒற்றுமை குறைந்துவிடுகிறது. குரல் கோளாறு பிள்ளையை எங்கே தாக்குகிறது? ஓடுவதிலும் தூங்குவதிலும் அல்ல. மனநிலையிலும் நட்பிலும் உறவிலும்தான். பெற்றோர் பதில் எங்கே பலவீனமோ, சரியாக அந்த இடத்தில் அதை ஒரே ஆதாரமாக வைத்திருக்கிறோம்.

குரல் கரகரக்கிறதா என்ற எளிய கேள்வியிலேயே பெற்றோரும் வல்லுநரும் ஒரே எண்ணுக்கு வருவதில்லை. இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் எட்டு வயதுப் பிள்ளைகள் 7,389 பேரைப் பரிசோதித்த கார்டிங் குழுவினரின் 2006 ஆய்வில், பரிசோதித்தவர்கள் குரல் கோளாறு என்று சொன்னது 6 விழுக்காட்டினரை. பெற்றோர் சொன்ன கணக்கு 11 விழுக்காடு. பெற்றோர் கேட்பதும் மற்றவர் கேட்பதும் ஒன்றல்ல என்பதை நினைவில் வைக்க இதுவே போதும். வெளியே கேட்கும் ஒலியிலேயே இவ்வளவு வேறுபாடு என்றால், உள்ளே நடப்பதைப் பற்றி அவர்கள் போடும் மதிப்பெண்ணை நாம் எந்தத் துணிவில் பிள்ளையின் பெயரில் எழுதுகிறோம்?

பிழை ஒரே திசையில் போனாலாவது திருத்திக்கொள்ளலாம். அது இரண்டு பக்கமும் போகிறது. சுவாசப்பாதையில் பாப்பிலோமா என்னும் மருக்கட்டி வளரும் ஒரு குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். எச்.பி.வி. 6, 11 வகை வைரஸ்களால் வருவது. வெட்டி எடுத்தாலும் திரும்ப முளைக்கும். மயக்க மருந்து, அறுவை அரங்கு, மூச்சு அடைத்துவிடுமோ என்ற பயம் என்று பெற்றோர் ஆண்டுக்கணக்கில் நிம்மதி இழந்திருப்பார்கள். அவர்கள் போடும் மதிப்பெண்ணில் அந்தப் பயம் முழுவதும் இறங்கியிருக்கும். பேசத் தொடங்கிய நாளிலிருந்தே அந்தக் குரல்தான் என்றால் பிள்ளைக்கு அது தன் குரல். அதைப் பற்றி அவளுக்குக் குறையே இல்லாமல் இருக்கலாம்; ஊசியும் பள்ளிக்குப் போக முடியாத நாட்களும்தான் குறையாக இருக்கலாம். மறுபக்கம், குரல்நாண் முடிச்சு உள்ள பிள்ளை. உயிருக்கு ஆபத்தில்லை, பெற்றோருக்குப் பழகிப்போன ஒலி. "அவனுக்குக் குரலே அப்படித்தான், அவங்க தாத்தாவுக்கும் இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே பூச்சியமும் ஒன்றுமாகப் போட்டுப் போவார்கள். பள்ளியில் அவனுக்கு என்ன பட்டப்பெயர் என்பது அவர்களுக்குத் தெரியாது.

எங்கள் பிரிவுக்கு வந்த ஒரு சிறுமியைச் சொல்ல வேண்டும். முடிச்சுகள் இருப்பதால் குரல் அடைத்து, காற்றோடு வரும். அம்மா காத்திருப்புப் பகுதியில் படிவத்தை மடியில் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தார். நண்பர்களோடு பேசுவது குறைந்திருக்கிறதா என்ற கேள்வி வந்ததும் பக்கத்தில் இருந்த மகளைப் பார்த்து, "ஃப்ரெண்ட்ஸ்கூடல்லாம் நல்லாத்தானே பேசுற?" என்றார். பிள்ளை "ம்" என்றாள். அம்மா "ஒருபோதும் இல்லை" என்ற கட்டத்தில் டிக் போட்டார். அந்தப் பகுதி முழுக்க அப்படித்தான் போனது. மொத்த மதிப்பெண் குறைவு. படிவத்தின்படி அவளுக்குப் பெரிய பாதிப்பு ஒன்றும் இல்லை. பயிற்சி தொடங்கிப் பல வாரங்களுக்குப் பிறகு, மூச்சைச் சேர்த்துக் குரலை முன்னே அனுப்பும் பயிற்சியின்போது, அவளாகவே கேட்டாள்: "இது செஞ்சா கோ சொல்ல வருமா மிஸ்?" விசாரித்தால், அவள் பள்ளிக் கோ-கோ அணியில் இருந்திருக்கிறாள். நன்றாக ஓடுவாள். ஆனால் அந்த ஆட்டத்தில் உட்கார்ந்திருப்பவளின் முதுகைத் தொடுவதும் "கோ" என்று உரக்கச் சொல்வதும் ஒன்றாக நடக்க வேண்டும். "நான் சொல்றது யாருக்கும் கேக்கல மிஸ். ஃபவுல் ஆயிடுது. என்னை எடுத்துட்டாங்க." வீட்டில் அவள் இதைச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். "அம்மா விளையாடவே வேணாம்னுவாங்க."

இருபத்து மூன்று கேள்விகளில் எதிலும் இது இல்லை. இருக்கவும் முடியாது. அந்தப் படிவத்துக்காகக் கோ-கோ ஆடும் பிள்ளையிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. பொதுவாக ஒரு கேள்வி உண்டு: சொந்த வாழ்க்கை, கல்வி, சமூக நடவடிக்கைகள் குரலால் தடைபடுகின்றனவா என்று. அதற்கும் அந்த அம்மா மனமறிந்து பொய் சொல்லாமலே "இல்லை" என்றுதான் போட்டார். அவருக்குத் தெரிந்த வரையில் அதுதான் உண்மை. ஒரு பள்ளிப் பிள்ளையின் குரல் கண் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி பெற்றோர் இல்லாத இடத்தில்தான் வேலை செய்கிறது. காலைக் கூட்டத்தில் திருக்குறள் சொல்ல யாரைக் கூப்பிடுகிறார்கள், வகுப்பில் யார் கையைத் தூக்குவதில்லை, "ஆம்பளை வாய்ஸ்" என்று யாரைக் கேலி செய்கிறார்கள், வேனில் யார் பேசாமல் வருகிறார்கள் என்பதெல்லாம் வீட்டுக்கு வந்து சேராத செய்திகள். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை என்றால் சொல்லவே வேண்டாம். அந்தச் சிறுமி மறைத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது: உண்மையைச் சொன்னால் இருப்பதும் போய்விடும். தனக்குப் பிடித்ததைத் தடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவரையே தன் சார்பில் பதில் சொல்ல வைத்தால் பிள்ளை எதைச் சொல்வாள்?

இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. இந்தப் படிவங்களில் மதிப்பெண் நன்றாக வருவதற்கு ஒரு சுலபமான வழி, பிள்ளை பேசாமல் இருப்பது. முடிச்சுள்ள பிள்ளைக்கு நாம் முதலில் கொடுக்கும் அறிவுரை என்ன? கத்தாதே, சத்தம் போட்டுப் பேசாதே, விளையாட்டில் கூச்சல் வேண்டாம். பிள்ளை கீழ்ப்படிகிறாள். வீட்டில் அமைதியாக இருக்கிறாள். கத்த வேண்டியிருக்கிறதா, பேசிப் பேசிக் குரல் நின்றுபோகிறதா, மாலையில் மோசமாகிறதா, திரும்பச் சொல்லச் சொன்னால் எரிச்சல் வருகிறதா என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் நல்லபடியாக மாறுகிறது. பேசுவதே குறைந்தால் இவை குறையத்தான் செய்யும். பேச்சைத் தவிர்க்கிறாளா என்று கேட்கும் கேள்வியில் மட்டும் இது பிடிபடலாம். அங்கேயும் பெற்றோருக்கு அது தவிர்ப்பாகத் தெரியாது, மருத்துவர் சொன்னதைப் பிள்ளை ஒழுங்காகக் கேட்கிறாள் என்றுதான் தெரியும். பெண் பிள்ளை அடக்கமாகிவிட்டாள் என்று மகிழ்கிற வீடுகளும் உண்டு. சிகிச்சையால் பிள்ளை இழந்தது என்ன என்று எந்தக் கேள்வியும் கேட்பதில்லை. கூச்சலிட்டு விளையாடுவது ஒரு எட்டு வயதுப் பிள்ளையின் வாழ்க்கைத் தரத்தில் சேராது என்றால், வேறு எது சேரும்?

இதெல்லாம் மருத்துவமனை ஓரத்து முணுமுணுப்பு, ஆய்வின் முடிவுகளை இது பாதிக்காது என்று நினைப்பவர்களுக்கு 2018-ல் வெளியான ஓர் ஆய்வை நினைவூட்டுகிறேன். ஹார்ட்னிக் குழுவினர் குரல்நாண் முடிச்சுள்ள ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகள் 114 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் குரல் எழுப்பும் முறையையே மாற்றும் நேரடிப் பயிற்சி. இன்னொன்றுக்குக் குரல் பராமரிப்பு பற்றிய அறிவுறுத்தல். குழந்தைகளுக்கான குரல் சிகிச்சையில் இப்படிக் கட்டுப்பாட்டோடு நடந்த ஆய்வுகள் மிக அரிது. அந்த உழைப்பை மதிக்கிறேன். இரண்டு குழுவிலும் முன்னேற்றம் தெரிந்தது; இரண்டுக்கும் நடுவே குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. எந்த அளவுகோலால் தெரியவில்லை? முதன்மை அளவுகோலாக அவர்கள் வைத்தது பி.வி.ஆர்.கியூ.ஓ.எல்.; பெற்றோரிடம் கேட்பதற்கென்றே உருவான படிவம். வாரந்தோறும் பிள்ளையை அழைத்துவரும் பெற்றோர் முன்னேற்றத்தை எதிர்பார்த்துத்தான் வருகிறார்கள். எந்தச் சிகிச்சை கொடுத்தாலும் அந்த எதிர்பார்ப்பு பதிலில் கலக்கும். இரண்டு சிகிச்சையும் ஒன்றேதானா, அல்லது இரண்டு அறைக்கும் வெளியே உட்கார்ந்திருந்த பெற்றோரின் நம்பிக்கை ஒன்றேதானா என்று இந்த அளவுகோலால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆறு முதல் பத்து வயது என்பது நேரடியாகக் கேட்டால் தெளிவாகப் பதில் சொல்லும் வயது. அந்த வயதில் முதன்மைக் கேள்வியை அவர்களிடமே கேட்டிருந்தால் முடிவு இப்படியே வந்திருக்கலாம், மாறியும் வந்திருக்கலாம். எப்படி வந்தாலும் அது பிள்ளைகளைப் பற்றிய முடிவாக இருந்திருக்கும்.

சிறு பிள்ளைகளால் பதில் சொல்ல முடியாது என்பது இந்தப் பழக்கத்தின் கடைசித் தற்காப்பு. மருத்துவத்தின் மற்றத் துறைகள் இதை எப்போதோ கடந்துவிட்டன. வலி எவ்வளவு என்று மூன்று வயதுக் குழந்தையிடமே முகப்படங்களைக் காட்டிக் கேட்கும் வோங்-பேக்கர் அளவுகோல் 1980-களில் இருந்து புழக்கத்தில் இருக்கிறது. ஜேம்ஸ் வார்னி 1999-ல் உருவாக்கிய பெட்ஸ்கியூ.எல். என்ற பொது வாழ்க்கைத் தரப் படிவத்தில் ஐந்து வயதிலிருந்து பிள்ளைக்கென்று தனிப் படிவம் உண்டு. ஐந்து முதல் ஏழு வயதுக்காரர்களுக்கு மூன்று முகப்படங்களில் ஒன்றைச் சுட்டினால் போதும். பெற்றோர் படிவம் பக்கத்திலேயே தனியாக இருக்கும். ஒன்று மற்றதற்கு மாற்றாகாது. புற்றுநோய்க்கும் நீரிழிவுக்கும் ஆஸ்துமாவுக்கும் சிகிச்சை பெறும் பிள்ளைகளிடமெல்லாம் இப்படிக் கேட்கிறார்கள். குரல் கெட்ட பிள்ளைக்கு மட்டும் வாயில்லை என்று முடிவுகட்டியது யார்?

குரல் துறைக்குள்ளேயே சான்று இருக்கிறது. விஸ்கான்சினில் நடீன் கானர் குழுவினர் 2008-ல் இரண்டு முதல் பதினெட்டு வயது வரையிலான குரல் கெட்ட பிள்ளைகள் 40 பேரையும் அவர்களின் பெற்றோரையும் பேச வைத்துக் கேட்டார்கள். பிள்ளைகள் தங்கள் குரல் பற்றி உடல்ரீதியாகவும் மனரீதியாகவும் நட்புவட்டம் குறித்தும் சொல்லத் தெரிந்தவர்களாகத்தான் இருந்தார்கள். அவர்கள் சொன்னது வயதுக்கு வயது மாறியது. நான்கு வயதில் உறுத்தாத குரல் பதினான்கில் உறுத்துகிறது. ஒரே படிவத்தை எல்லா வயதுக்கும் நீட்டுகிறவர்கள் அந்த ஆய்வை மேற்கோள் காட்டத் தவறுவதில்லை; அதன்படி நடக்கத்தான் தவறுகிறார்கள். 2013-ல் இத்தாலியின் ரிச்சி-மக்கரீனி குழு பிள்ளைகள் தாங்களே நிரப்பும் பத்துக் கேள்விப் படிவத்தைக் கொண்டுவந்தது. அதற்கும் பெரியவர்களின் கேள்விகளே மூலம் என்ற குறை உண்டு. ஆனாலும் கேள்வி சரியான ஆளிடம் போனது. அதை எடுத்து வளர்க்க வேண்டிய நேரத்தில் பெற்றோர் படிவத்துக்கு இன்னொரு மொழிபெயர்ப்பு என்று வரிசையில் நிற்கிறோம்.

சிகிச்சைக்கு அழைத்துவருவதும் பணம் கட்டுவதும் பெற்றோர்தானே, அவர்கள் கருத்துதானே முக்கியம் என்று சிலர் சொல்வார்கள். அவர்களின் கருத்து வேண்டும்தான். அதைப் பெற்றோரின் கவலை என்ற பெயரிலேயே தனியாக அளக்கட்டும். அதற்குப் பயனும் உண்டு. மற்ற நாட்டு ஆய்வுகளோடு ஒப்பிட ஒரே கருவி வேண்டும் என்பவர்களும் உண்டு. கேரளத்துப் பெற்றோரின் கவலையையும் இத்தாலியப் பெற்றோரின் கவலையையும் ஒப்பிட அந்தக் கருவி உதவும். பிள்ளைகளின் வாழ்க்கையை அதைக் கொண்டு ஒப்பிடுகிறோம் என்று எழுதினால், அச்சாகிற ஒவ்வொரு முறையும் தவறு கெட்டிப்படுகிறது.

செய்ய வேண்டியது கடினமும் அல்ல. ஐந்து வயதுக்கு மேற்பட்ட எந்தப் பிள்ளையானாலும் முதலில் அந்தப் பிள்ளையிடமே, பெற்றோர் அறைக்கு வெளியே இருக்கும்போது, கேட்க வேண்டும். குரலால் உனக்குச் செய்ய முடியாமல் போவது என்ன, எங்கே, யார் முன்னால் என்ற மூன்று கேள்விகளே பெரும்பாலும் போதும். வினாப்படிவம் வேண்டும் என்றால் அதன் கேள்விகள் பிள்ளைகளின் பேச்சிலிருந்து பிறக்கட்டும். விளையாட்டு மைதானம், காலைக் கூட்டம், வகுப்பு வாசிப்பு, பள்ளி வேன் ஆகியவை அதில் இருக்கட்டும். வகுப்பாசிரியருக்கு ஒரு சிறு படிவம் போகட்டும். பெற்றோரின் பதில் பெற்றோருடையது என்றே பதிவாகட்டும். பிள்ளையின் பதிலுக்கும் பெற்றோரின் பதிலுக்கும் இடையே வித்தியாசம் இருந்தால் அதை அளவீட்டுப் பிழை என்று தள்ளாமல், அந்தக் குடும்பத்தோடு பேச வேண்டிய முதல் விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டும். சிகிச்சைக்குப் பிறகு கேட்கும்போது, எது திரும்பக் கிடைத்தது என்பதோடு எதை விட்டுவிட்டாய் என்றும் கேட்க வேண்டும்.

இதற்கு ஆண்டுக்கணக்கான ஆய்வுத் திட்டம் எதுவும் தேவையில்லை. வழிகாட்டிகளும் தேர்வாளர்களும் ஒரு சிறு விதியைக் கடைப்பிடித்தால் நாளையே மாற்றம் தொடங்கும்: பிள்ளையின் வாயிலிருந்து ஒரு பதிலும் பெறாத ஆய்வேட்டின் தலைப்பில் "குழந்தையின் வாழ்க்கைத் தரம்" என்ற சொற்களை அனுமதிக்கக் கூடாது. "பெற்றோர் கருத்து" என்று மாற்றி எழுதிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்ப வேண்டும். பத்துப் பேர் அப்படித் திருப்பி அனுப்பினால், பதினோராவது மாணவர் பிள்ளையிடம் போய்க் கேட்டுவிட்டு வருவார்.